பக்கத்து வீட்டுக்காரர் கத்துறார், எனக்கு இன்னும் போலர் ஓடி வாறான்

கல்லடி_இடக்கையன் | 2025 நவம்பர் 15, சனி, காலை 8.12

இது கிரிக்கெட் பற்றின இழை இல்ல. கிரிக்கெட் பாக்க ஏலாமப் போறதப் பற்றின இழை.

செவ்வாய்க்கிழமை ராவல்பிண்டியில இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் முதலாவது ஒருநாள். நம்மட ஆக்களுக்கு 300 வேணும். விக்கெட்டுகள் போகப் போக ஹசரங்க நிண்டு பிடிச்சு 59 அடிச்சு, கடைசி ஓவர் மட்டுக்கும் இழுத்துக்கொண்டு போய் 6 ஓட்டத்தால தோத்த மெச். நான் அதில ஒரு பந்தும் பாக்கல்ல. மாசாமாசம் காசு கட்டுற ஆள் நான். பொக்ஸைப் போட்டா கறுப்புத் திரை, நடுவில ஒரு வசனம்: "இந்த அலைவரிசை உங்கள் பொதியில் இல்லை." போன மாசம் இருந்தது.

கோல் சென்டருக்கு அடிச்சன். இருபது நிமிசம் பாட்டுப் போட்டுட்டு ஒரு பிள்ளை வந்தா. "ஒப்பந்தம் முடிஞ்சிட்டு சேர், பேச்சுவார்த்தை நடக்குது." ஆர் ஆரோட பேசுறது எண்டு கேட்டன். "அது எங்களுக்குச் சொல்லல்ல சேர்." பாவம், அந்தப் பிள்ளையோட கோவிச்சு என்ன பலன்.

மறுகா போனில எழுத்து ஸ்கோர் பாத்துக்கொண்டு கிடந்தன். பக்கத்து வீட்டில வேற கொம்பனி டிஷ். அவர் "ஐயோ" எண்டு கத்துவார். நான் போனைப் பாப்பன். அங்க இன்னும் போன பந்துதான் கிடக்கும். கொஞ்ச நேரத்தால 'விக்கெட்' எண்டு வரும். ஹசரங்க போனதும் அந்த ஐயோவிலதான் எனக்குத் தெரிஞ்சது. இவ்வளவு நீளமான ஐயோ மனுசன் வேற ஆருக்கும் போடல்ல.

நேற்று ரெண்டாவது மெச். அவங்கட பாபர் அசாம் ரெண்டு வருசத்துக்குப் பிறகு சதம் அடிச்சு எட்டு விக்கெட்டால வெண்டாங்களாம். அதப் பாக்காம விட்டது நல்லம்.

கேள்வி இதுதான். பெப்ரவரியில டி20 உலகக் கிண்ணம், அதிலயும் ஒரு பங்கு நம்மட நாட்டில. கொழும்பில நடக்கிற மெச்சை மட்டக்களப்புக் கல்லடியில இருந்து பாக்க நான் எத்தினை பொக்ஸ் வாங்கணும்?

ஏறாவூர்_பத்தாம்நம்பர் | சனி, காலை 8.40

ரெண்டு பொக்ஸ், ஒரு டேட்டா காட், ஒரு பக்கத்து வீடு. அவ்வளவுதான் மச்சான்.

கிரிக்கெட்காரனுக்கு மட்டும் நடக்கிற கதை எண்டு நினைக்காதீங்க. 2022 டிசம்பர் 18, ஃபுட்போல் உலகக் கிண்ணம், ஆர்ஜென்டினா – பிரான்ஸ் இறுதி மெச். எங்கட பொடியன்மாரெல்லாம் சேர்ந்து வெள்ளைத் துணி கட்டி, ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, லெப்டொப்ல நெட்டால ஓட விட்டிருந்தம். வாப்பாமார், சின்னப் பிள்ளைகள், பாயோட வந்து குந்தின ஆக்கள், நல்ல சனம். 2–0. மெஸ்ஸிக்குக் கிண்ணம் எண்டு சொல்லி ஒரு காக்கா (அண்ணன்) சர்பத் கரைக்கத் தொடங்கிட்டார். 79ஆவது நிமிசம், வளையம் சுத்தத் தொடங்கிட்டு. சுத்துது, சுத்துது. திரும்பப் படம் வந்தப்ப மூலையில 2–2.

பிரான்ஸ்காரன் எம்பாப்பே 80இல ஒண்டு, 81இல ஒண்டு. உலகக் கிண்ண வரலாற்றிலயே பெரிய ரெண்டு நிமிசத்த நாங்க ஒரு வளையமாப் பாத்திரிக்கம்.

கல்லடி_இடக்கையன் | சனி, காலை 8.47

சர்பத் என்னாச்சு?

ஏறாவூர்_பத்தாம்நம்பர் | சனி, காலை 8.49

பெனால்டி மட்டுக்கும் வாளிக்குள்ள இருந்தது. மறுகா குடிச்சம். நல்லா இனிச்சது.

அக்கரை_டிஷ்கடை | சனி, காலை 9.30

இந்தச் சாமான் பூட்டுறதுதான் என்ட தொழில், அதால கொஞ்சம் விளக்கமா எழுதுறன். கடைக்கு வாற ஆக்கள் எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்லுவாங்க: "சனல் போயிட்டு." அதுக்குள்ள மூணு வருத்தம் இரிக்கி.

ஒண்டு மழை. மேல சட்டலைட்ல இருந்து வாற அலை மெலிசு. கார்த்திகை மாசத்து மழை கட்டியா விழுந்தா அந்த அலையக் குடிச்சிரும். அதுக்கு நானும் கொம்பனியும் ஒண்டும் செய்ய ஏலா, மழை விட்டா வரும். டிஷ் கொஞ்சம் அசைஞ்சிருந்தா மட்டும் சாதாரணத் தூறலுக்கே போகும், அப்ப என்னைக் கூப்பிடுங்க.

ரெண்டாவது பொதி மாத்துறது. விளையாட்டு அலைவரிசையச் சின்னப் பொதியில இருந்து தூக்கிப் பெரிய பொதிக்குள்ள போடுறது. உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும், நீங்க வாசிச்சிருக்கமாட்டீங்க.

மூணாவதுதான் இடக்கையன் தம்பி சொன்னது. விளையாட்டைக் காட்டுற அலைவரிசை ஒரு ஆள். அத நம்மட வீட்டுக்குக் கொண்டு வாற கொம்பனி இன்னொரு ஆள். நாம கட்டுற காசில வீட்டுக்கு இவ்வளவு எண்டு கொம்பனி அலைவரிசைக்குக் குடுக்கும். ஒப்பந்தம் முடியிற நேரம் அவன் கூட்டிக் கேப்பான், இவன் குடுக்கமாட்டன் எண்டுவான். இருட்டாக்குறது அந்தப் பேரத்தில ஒரு கருவி. நம்மட கோவந்தான் அவங்கட துருப்புச்சீட்டு. ஆக்கள் கோல் சென்டருக்கு எடுத்துக் கத்தினாத்தான் இவன் இறங்குவான் எண்டு அவனுக்குத் தெரியும்.

இன்னொண்டும் இரிக்கி. உரிமை வாங்குறது டொலர்ல. நம்மட்ட வாங்குறது ரூவாயில. 2022 தொடக்கத்தில 200 ரூவாய்க்குக் கிட்ட நிண்ட டொலர் அந்த வருசமே 360க்கு ஏறிட்டு. அந்த இடைவெளிய ஆர் தலையில கட்டுறது எண்டதுதான் பேச்சுவார்த்தை.

நியூஜெர்சி_செங்கலடி | சனி, முற்பகல் 10.05

(இஞ்ச இப்ப வெள்ளி இரவு 11.35. நித்திரை இல்ல.)

இடக்கையன் அண்ணே, அதே கறுப்புத் திரை எங்களுக்கும் ரெண்டு கிழமை இருந்தது. வசனம் மட்டும் இங்கிலீசு. ஒக்டோபர் 30ஆம் திகதி நடுச்சாமத்துக்குக் கிட்ட யூடியூப் டிவியில இருந்து டிஸ்னியின்ட அலைவரிசை எல்லாம் போயிட்டு. விளையாட்டுக் காட்டுற ஈஎஸ்பிஎன், ஏபிசி எல்லாம். ஏறத்தாழ ஒரு கோடி வீடு. இண்டைக்குப் பின்னேரந்தான் ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சு, அலைவரிசை திரும்ப வருகுது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். யூடியூப் டிவி எண்டுறது நாம வீடியோ பாக்கிற யூடியூப் இல்ல. அது கேபிளுக்குப் பதிலா நெட்டால வாற காசு கட்டுற டிவி, கூகுளின்டது. 2017இல தொடங்கக்குள்ள மாசம் 35 டொலர். கேபிள்காரன் கொள்ளை அடிக்கிறான், எங்களிட்ட வாங்க எண்டு கூப்பிட்டாங்க. போனம். இந்த வருசத் தொடக்கத்தில இருந்து 82.99. இப்ப கேபிள்காரனுக்கும் இவனுக்கும் நான் கண்ட வித்தியாசம் வயர் மட்டுந்தான்.

ஏன் ஒக்டோபர் கடைசியில? அதுதான் இஞ்ச அமெரிக்கன் ஃபுட்போல் உச்சத்தில நிக்கிற காலம். திங்கள் இரவு மெச் ஈஎஸ்பிஎன்ல. நவம்பர் 3 டல்லஸ் அணி, நவம்பர் 10 கிறீன் பே அணி, ரெண்டு மெச்சும் என்னோட வேலை செய்யிற ஆக்களுக்கு இல்லாமப் போயிட்டு. சனிக்கிழமைகளில கல்லூரி மெச்சுகள் வேற. ஒரு நடுத்தர வயது மனுசன் கந்தோரில இருந்து அழுற குரல்ல கோல் சென்டரோட பேசினத நான் கண்ணால கண்டன். 20 டொலர் கழிச்சுத் தாறம் எண்டாங்களாம், அதுக்குத்தான் அந்தக் குரல்.

இது முதல் தரமும் இல்ல. 2023 ஓகஸ்ட் 31 டிஸ்னிக்கும் சார்ட்டர் எண்ட கேபிள் கொம்பனிக்கும் இதே சண்டை. ஒன்றரைக் கோடி வீட்டுக்குக் கிட்ட, அமெரிக்க ஓப்பன் டெனிஸ் நடந்துகொண்டிருக்கக்குள்ள இருட்டாக்கினாங்க. செப்டெம்பர் 11ஆம் திகதி முதலாவது திங்கள் இரவு மெச் தொடங்க சில மணித்தியாலத்துக்கு முதல் ஒற்றுமையாகிட்டாங்க. 2024 செப்டெம்பர் 1 டைரெக்டிவி எண்ட சட்டலைட் டிவிக் கொம்பனி, திரும்பவும் டெனிஸ் நேரம், 14ஆம் திகதிதான் முடிஞ்சது. மூணு வருசம், மூணு கொம்பனி, ஒரே டிஸ்னி. கலண்டரைப் பாத்தா வெள்ளாமைக்காரன் மழைக்கு விதைக்கிற மாதிரி, இவங்க சீசனுக்குச் சண்டையை விதைக்கிறாங்க.

ஒரு சின்ன விசயம். அந்த 2023 மெச், அவசரம் அவசரமா ஒப்பந்தம் முடிச்சுக் காட்டின மெச், ஆரோன் ரொஜர்ஸ் எண்ட நட்சத்திர ஆட்டக்காரன் நியூயோர்க் ஜெட்ஸ் அணிக்கு ஆடுற முதல் நாள். அந்த மெச்சில அவர் ஆடின நாலாவது நகர்விலயே குதிக்கால் தசைநாண் அறுந்து அந்த சீசனே முடிஞ்சிட்டு. இதுக்கா இவ்வளவு அவசரம் எண்டு எங்கட பக்கத்தில சிரிப்பு.

காத்தான்குடி_லெக்ஸ்பின் | சனி, முற்பகல் 10.50

அமெரிக்காக்காரனுக்கு 20 டொலர் குடுத்திரிக்காங்க. நமக்கு 20 நிமிசம் பாட்டு.

நான் இந்தியன் டிஷ். கடையில ரீலோட் போடுறன், தமிழ் வர்ணனையோட எல்லாம் வருகுது. ஆனா 2023இல ஒருக்கா ஸ்டார், சோனி, ஸீ மூணும் சண்டை பிடிச்சு அலைவரிசைய நிப்பாட்டினாங்களே, அப்ப எனக்கும் ஒரு கிழமை ஒண்டும் வரல்ல.

அக்கரை_டிஷ்கடை | சனி, முற்பகல் 11.15

லெக்ஸ்பின் காக்கா, ரெண்டு விசயம்.

2023 பெப்ரவரியில நடந்தது அங்க கேபிள்காரனுக்கும் அலைவரிசைக்காரனுக்கும் வந்த பிரச்சினை. புது விலைக்கு ஒப்பந்தம் எழுதமாட்டம் எண்டு கேபிள்காரங்க நிண்டாங்க, கேரள உயர் நீதிமன்றம் மட்டுக்கும் போனாங்க. அங்க நாலரைக் கோடி வீட்டுக்கு இருட்டு, சில நாளில சரியாயிட்டு. டிஷ் கொம்பனிகள் முதலே கையெழுத்து வெச்சிட்டு. அதால உங்கட டிஷ்ஷுக்கு அந்தச் சண்டையால ஒண்டும் வந்திருக்க ஏலா. உங்களுக்கு ஒரு கிழமை வராததுக்கு ஒண்டில் ரீலோட் முடிஞ்சிருக்கும், இல்லாட்டி டிஷ்ஷில அலை பிடிக்கிற எல்என்பில காகம் குந்தியிருக்கும்.

ரெண்டாவது, அந்தப் பொக்ஸுக்கு இஞ்ச அனுமதி இல்ல. எவனோ ஒருத்தன்ட இந்திய முகவரியில பதிஞ்சு கிடக்கிற சாமான். நாளைக்கு அவங்க நிப்பாட்டினா நீங்க எந்தக் கோல் சென்டருக்கும் எடுக்க ஏலா. பாட்டுக் கூட இல்ல.

காத்தான்குடி_லெக்ஸ்பின் | சனி, முற்பகல் 11.21

காகமாத்தான் இருக்கும்.

தோணி_சிவப்பு | சனி, நண்பகல் 12.02

நண்பர்களே இந்த இணைப்பில எல்லா மெச்சும் இலவசம், நான் ரெண்டு வருசமாப் பாக்கிறன்: [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | சனி, நண்பகல் 12.10

களவு ஒளிபரப்புக்கான இணைப்பு இந்தக் களத்தில் வேண்டாம். ஏற்கனவே இரண்டு பேர் அதைத் தொட்டுப் போனில் சூதாட்ட விளம்பரம் நிற்காமல் வருகிறது என்று முறையிட்டிருக்கிறார்கள்.

ஏறாவூர்_பத்தாம்நம்பர் | சனி, நண்பகல் 12.12

அந்த ரெண்டு பேரில நான் ஒராள்.

படுவான்கரை_கிழவன் | சனி, பிற்பகல் 2.35

மக்காள், நீங்க கதைக்கிறதில அரைவாசி எனக்கு விளங்கல்ல. மருமகன்தான் வாசிச்சுச் சொல்லுறார், நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுறார்.

1996ஆம் ஆண்டு மார்ச் 17. லாகூரில கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதி. அப்ப நாங்க ஆத்துக்கு அங்கால. மண்முனைக்குப் பாலம் 2014இலதான் வந்தது, அந்த நாளில துறையால கடக்கிறது. கரண்ட் எண்டுறது எங்கட ஊருக்குச் சொல்லிக் கேள்விப்பட்ட சாமான். யுத்த காலம், பற்றரி கொண்டு போகத் தடை. உழவு மெசினில இருந்த பற்றரியக் கழட்டி ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குக் குடுத்து வெச்சிருந்தம். அன்டெனா நீட்டு மூங்கில்ல. மேற்குப் பக்கம் மலைநாட்டப் பாத்துக் கட்டணும், அரசாங்க டிவி ரூபவாகினி அங்க பிதுருதலாகலை உச்சியில இருந்துதான் வாற. காத்துக்குக் கிறுகிட்டா ஒராள் போய் மூங்கிலத் திருப்ப, ஒராள் பெட்டிக்கு முன்னால நிண்டு "போதும், போதும், ஐயோ விட்டுட்டாய்" எண்டு கத்துற. அந்த மூங்கிலப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பொடியன் அரவிந்த டி சில்வாவின்ட 107இல முக்கால்வாசியப் பாக்கல்ல. சத்தத்தில கேட்டான். அவன் இப்ப சுவிஸில. எப்ப வந்தாலும் இதச் சொல்லி ஏசுவான்.

நான் சொல்ல வந்தது வேற. அண்டைக்கு எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த கோவம் உங்களுக்குத் தெரியும். அந்த அணி வெண்டத்துக்குக் கைதட்டுறதா வேணாமா எண்டு பெட்டிக்கு முன்னாலயே ரெண்டு பேர் வாய்த்தர்க்கம். எல்லாம் இருந்தது. ஆனா பெட்டியில படம் வந்தது. காசு கட்டினியா எண்டு ஒருத்தனும் கேக்கல்ல. யுத்தத்துக்குள்ள வந்த படம், இப்ப சமாதானத்தில வரல்ல எண்டா அது எனக்கு விளங்குதில்ல.

நியூஜெர்சி_செங்கலடி | சனி, பிற்பகல் 2.58

ஐயா, இத வாசிச்சுட்டு இனி நித்திரை வராது. இஞ்ச விடியச்சாமம் 4.28.

மில்டன்கீன்ஸ்_மட்டு | சனி, மாலை 4.20

ஐயா கேட்ட கேள்விக்கு இங்கிலாந்தில பழைய விடை ஒண்டு இருக்கு. ஒலிம்பிக், உலகக் கிண்ண ஃபுட்போல், விம்பிள்டன் இறுதி மாதிரியான சில நிகழ்ச்சிகளக் காசு கட்டாத அலைவரிசைக்கு முதல்ல குடுக்கணும் எண்டு சட்டத்தில பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. ஊருக்குப் பொதுவான கிணறு மாதிரி, வேலி அடைக்க ஏலா.

ஆனா இங்கிலாந்தில ஆடுற டெஸ்ட் கிரிக்கெட்டை 1998இல அந்த முதல் பட்டியல்ல இருந்து இறக்கிட்டாங்க. கிரிக்கெட் சபைதான் கேட்டது, கூடின விலைக்கு விக்கலாம் எண்டு. 2005 ஆஷஸ், அதாவது அவுஸ்திரேலியாவோட ஆடுற டெஸ்ட் தொடர், சனல் 4இல இலவசமா வந்தது. நான் அப்ப வந்த புதுசு, கடையில வேலை. வேலை முடிஞ்சு வந்தா அறையில நாலு பேர், ஆங்கிலம் அரைகுறை, இங்கிலாந்து ஆட்டக்காரன் ஃபிளின்டொஃப் மட்டும் நல்லா விளங்கும். அடுத்த வருசத்தில இருந்து எல்லாம் ஸ்கை, காசு. பதினாலு வருசத்துக்குப் பிறகு, 2019 உலகக் கிண்ண இறுதிக்கு இங்கிலாந்து வந்தப்பதான் ஸ்கை மனம் வெச்சு சனல் 4க்கும் பங்கு குடுத்தது. இடையில பிறந்து வளந்த பிள்ளைகள் நாட்டு அணிய இலவச டிவியில அண்டைக்குத்தான் நேரடியாப் பாத்துதுகள். சூப்பர் ஓவர் வேற. என்ட மகன் "அப்பா, கிரிக்கெட் எப்பவும் இப்பிடியா முடியும்" எண்டு கேட்டான்.

மறுபக்கமும் இருக்கு. ஸ்கை குடுத்த காசில சபைக்கு வசதி வந்தது, பயிற்றுநர், பெண்கள் அணிக்கு ஒப்பந்தம் எல்லாம் வந்தது. இலவசமாக் காட்டு எண்டு சொல்லுறது லேசு. ஆர் காசு குடுக்கிற எண்டதுக்கு விடை வெச்சுக்கொண்டு சொல்லணும்.

ஓரமா_இருக்கிறவன் | சனி, மாலை 5.10

சட்டம் படிக்கிறவன், அதால மூக்கை நுழைக்கிறன்.

இந்தியாவில 2007இல ஒரு சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டி எண்டு அரசு அறிவிச்சா, உரிமை வாங்கின அலைவரிசை அந்தப் படத்தைத் தன்ட விளம்பரம் இல்லாம அரசாங்க டிவி தூரதர்ஷனோட பகிரணும். விளம்பர வருமானத்தில குறைஞ்சது 75 வீதம் உரிமைக்காரனுக்கு, மிச்சம் தூரதர்ஷனை நடத்துற பிரசார் பாரதிக்கு. மட்டக்களப்பில சில ஆக்கள் தூரதர்ஷனின்ட இலவச டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ்ஷில இந்தியா ஆடுற மெச் பாக்கிறது இந்தச் சட்டத்தின்ட புண்ணியத்தில. 2017இல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: அந்தப் பகிர்ந்த படம் தூரதர்ஷனின்ட சொந்த வழியால மட்டுந்தான் போகணும், தனியார் கேபிளுக்குள்ள போகக் கூடாது.

அவுஸ்திரேலியாவிலயும் இப்பிடி ஒரு பட்டியல் இருக்கு. போன வருசம் அதத் திருத்தி நெட் வழி ஓடுற சேவைகளையும் உள்ளுக்குக் கொண்டு வந்திட்டாங்க. ஏனெண்டா பழைய சட்டம் டிவிக்கு மட்டும் பூட்டுப் போட்டது, செயலிக்காரன் பின் கதவால வந்து வாங்கிட்டுப் போகலாம்.

இடக்கையன் அண்ணன்ட சிக்கல் என்னெண்டா, ஒப்பந்தம் எண்டுறது ரெண்டு கொம்பனிக்கு இடையில. நீங்க அதில ஒரு தரப்பு இல்ல. உங்களுக்கும் உங்கட கொம்பனிக்கும் இடையில இருக்கிற படிவத்தில, பின் பக்கம், சின்ன எழுத்தில, "அலைவரிசைகள் முன்னறிவித்தல் இன்றி மாறலாம்" எண்ட மாதிரி ஒண்டு கிடக்கும். நாலு பேர்ட படிவம் வாங்கிப் பாத்தன், நாலிலயும் கிடந்தது.

கல்லடி_இடக்கையன் | சனி, மாலை 5.31

எடுத்துப் பாத்தன். இருக்கு. கீழ என்ட கையெழுத்தும் இருக்கு. என்ட கையெழுத்து இவ்வளவு வடிவா இருக்கும் எண்டு எனக்கே தெரியாது.

வலைப்பந்து_அக்கா | சனி, இரவு 7.45

எல்லாரும் சொல்லி முடிஞ்சா நான் ஒண்டு சொல்லட்டா.

களுவாஞ்சிகுடியில பள்ளிக்கூடக் காலத்தில இருந்து கோல் ஷூட்டர் ஆடினவள் நான். 2018இல சிங்கப்பூரில நம்மட வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணம் வெண்டது. ஒன்பது வருசத்துக்குப் பிறகு. தர்ஜினி சிவலிங்கம், ஆறடிக்கு மேல நிண்டு கையத் தூக்கிப் போடுற அந்தப் பந்துகள். 2022இல திரும்பவும் சிங்கப்பூர், திரும்பவும் கிண்ணம். நான் அந்த இறுதி மெச் ரெண்டையும் எப்பிடிப் பாத்தன் எண்டு கேளுங்க. போனில, யாரோ ஓரத்தில இருந்து பிடிச்ச மாதிரி நடுங்குற படத்தில, துண்டு துண்டா.

உங்கட மெச்சுக்கு ரெண்டு கொம்பனி அடிபடுது எண்டு அழுறீங்க. எங்கட மெச்சுக்கு அடிபட ஒருத்தனும் இல்ல. அடிபடுறதுக்கும் ஒரு பெறுமதி வேணும் தம்பிமாரே. 2024 ஜூலையில தம்புள்ளயில நம்மட பெண்கள் கிரிக்கெட் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டால அடிச்சு ஆசியக் கிண்ணம் எடுத்தாங்க. சமரி 61, ஹர்ஷிதா ஆட்டமிழக்காம 69. அண்டைக்கு இந்தக் களத்தில எத்தினை பேர் எழுதியிருக்கீங்க எண்டு தேடிப் பாத்தன். மூணு. அதில ஒண்டு என்டது.

ஏறாவூர்_பத்தாம்நம்பர் | சனி, இரவு 7.58

அக்கா, மத்த ரெண்டில ஒண்டு என்டதா இருக்கணும் எண்டு தேடினன். இல்ல. சொறி.

காத்தான்குடி_லெக்ஸ்பின் | சனி, இரவு 8.20

அக்கா சொன்னது சுள்ளெண்டு பட்டிட்டு, ஆனா உண்மை.

இந்தக் காசுக் கணக்கும் ஒரு கூத்துத்தான். ஐபிஎல் அஞ்சு வருசத்துக்கு, 2023இல இருந்து 2027 மட்டும், 48,390 கோடி இந்திய ரூவா. டிவி ஸ்டாருக்கு, நெட் வயாகொம்18க்கு எண்டு பிரிச்சு வித்தாங்க. ஒருத்தன் காசு வாங்கிக் காட்ட, மத்தவன் தன்ட ஜியோ சினிமா செயலியில சும்மா காட்டினான். கடைசியில ரெண்டு கொம்பனியும் ஒண்டாகி இந்த வருசம் பெப்ரவரியில ஜியோஹொட்ஸ்டார் எண்டு ஒரே செயலி. உலகக் கிரிக்கெட் சபையான ஐசிசி மெச்சின்ட இந்திய உரிமையும் 2024–27க்கு ஸ்டார் வாங்கி, டிவிப் பங்க ஸீக்குத் தாறன் எண்டு 2022இல பேசி, 2024 தொடக்கத்தில ஸீ பின்வாங்கி, வழக்கு லண்டன் மட்டும் போயிட்டு. யானையள் ஒண்டோட ஒண்டு கலியாணமும் முடிக்குது, விவாகரத்தும் கேக்குது. நாம புல்லு.

நியூஜெர்சி_செங்கலடி | சனி, இரவு 8.41

யானை பற்றி அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு நீங்க சொல்லத் தேவையில்ல காக்கா.

பக்கத்துவளவு | சனி, இரவு 9.15

வணக்கம். இண்டைக்குத்தான் பதிஞ்சன். மகள் இந்த இழையக் காட்டினா.

"ஐயோ" எண்டு கத்தின ஆள் நான்தான். இடக்கையன் தம்பி, எட்டு வருசமா ஒரே மதில். ஒரு வார்த்தை "அண்ணே, மெச் பாக்க வரட்டா" எண்டு கேட்டிருந்தா கதிரை போட்டிருப்பனே. என்னைப் பற்றி உலகத்துக்கு எழுதுறீங்க, மதிலுக்கு மேலால கேக்க வெக்கமா?

ஹசரங்கவுக்குப் போட்டது ஐயோ இல்ல. "அடேய்".

கல்லடி_இடக்கையன் | சனி, இரவு 9.22

அண்ணே... எங்க முகத்த வெச்சுக்கொள்ளுறது எண்டு தெரியல்ல.

பக்கத்துவளவு | சனி, இரவு 9.24

என்ட ஹோலில வெச்சுக்கொள்ளுங்க. நாளைக்கு மூணாவது மெச்.

அக்கரை_டிஷ்கடை | சனி, இரவு 9.50

இதத்தான் நானும் யோசிச்சன். வீட்டுக்கு வீடு ரெண்டு பொக்ஸ் வாங்குறது விசர் வேலை. பெப்ரவரிக்கு ஒவ்வொரு ஊர் வாசிகசாலையிலயும், விளையாட்டுக் கழகத்திலயும் ஒரு டிவி, ரெண்டு கொம்பனி டிஷ், காசு பங்கு போட்டா முடிஞ்சு போகும். பூட்டுக்கூலி நான் எடுக்கமாட்டன், வயருக்கு மட்டும் தாங்க.

ஒரு கவனம். வீட்டுக்கு எண்டு எடுத்த பொக்ஸைப் பொது இடத்தில போடுறது வேற கணக்கு. டிக்கெட் வித்தா இன்னும் பிழை. முதல்ல கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, பொது இடத்துக்கு எந்தப் பொதி எண்டு கேட்டு, பதில எழுத்தில எடுத்து வெச்சுக்கொள்ளுங்க. சட்டம் படிக்கிற தம்பி எழுதித் தருவார்.

ஓரமா_இருக்கிறவன் | சனி, இரவு 10.02

எழுதித் தாறன். சின்ன எழுத்து ஒண்டும் இல்லாம.

வலைப்பந்து_அக்கா | சனி, இரவு 10.10

வாசிகசாலை டிவியில பெண்கள் மெச்சும் போடுறதெண்டா எங்கட பங்குக் காசும் வரும். இல்லாட்டி இல்ல. இதையும் எழுத்தில எடுத்து வெச்சுக்கொள்ளுங்க.

படுவான்கரை_கிழவன் | சனி, இரவு 10.15

எங்கட ஊருக்கு மூங்கில் நான் தாறன்.

கல்லடி_இடக்கையன் | ஞாயிறு, இரவு 11.20

போய்ப் பாத்தன். 211 ஓட்டத்துக்கு எல்லாரும் அவுட், 3–0. தோத்தாலும் கண்ணால பாத்துத் தோத்தது வேற. அண்ணி கடலை அவிச்சு வெச்சிருந்தா. இடையில மழை, ரெண்டு ஓவர் "சிக்னல் இல்லை". அந்த நேரம் எதிர் வீட்டில இருந்து ஒரு சத்தம். நானும் அண்ணனும் ஆளை ஆள் பாத்தம். சமரவிக்கிரமவோ வேற ஆரோ எண்டு பந்தயம் கட்டினம். நான் தோத்திட்டன்.

பக்கத்துவளவு | ஞாயிறு, இரவு 11.41

பந்தயக் காசு பெப்ரவரிக்குப் பங்கில கழிக்கிறன். நீங்க போகக்குள்ள என்ட குடையக் கொண்டு போயிட்டீங்க தம்பி. காலையில மதிலுக்கு மேலால தாங்க.